ஒரே அட்டையில் இரண்டு பேர்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வலது முழங்கால் தவிர என் உடம்பில் மற்ற எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. உன் காது எப்படி இருக்கிறது? போன வாரம் தொலைபேசியில் நான் "கண்" என்றதை நீ "பெண்" என்று எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசினாய். முப்பது வருடம் பம்ப் ஹவுஸில் நின்ற காதோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. அதனால்தான் பழையபடி பேனாவை எடுத்துவிட்டேன்.

ஒரு சேதி. ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்து ஆபீஸுக்கு என் நினைவு வந்திருக்கிறது. அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கி இந்த வருடத்தோடு நாற்பது ஆண்டு நிறைகிறது. அதற்கு ஒரு விழா மலர் போடுகிறார்கள். திட்டத்தின் வரலாற்றை எழுத ஆள் வேண்டுமாம். முதல் நாளிலிருந்து கூட இருந்தவர்களில் உயிரோடும் ஞாபகத்தோடும் இருப்பது நான் ஒருத்திதானாம். வெட்கமில்லாமல் சரி என்றுவிட்டேன்.

அம்மாவின் கண் ஆபரேஷனிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். திட்டம் வந்த முதல் வருடம் அது. நான் இங்கே வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். பதினாறு வயதில் நீதான் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாய். நடந்ததை ஒன்று விடாமல் எழுது.

உன் மகள் பொடிசுக்கு மார்ச் முப்பதோடு இருபத்தொரு வயது முடிகிறது. பெற்றோரின் காப்பீட்டு அட்டையில் பிள்ளைகளுக்கு அதோடு சரி. ஆனால் பதறாதே. தீராத நோய் உள்ளவர்களுக்குச் சிறப்பு அனுமதி உண்டு. டாக்டர் கடிதம் ஒன்று, உன் விண்ணப்பம் ஒன்று, அவ்வளவுதான். அந்தப் பிரிவில் நான் இருந்த பதினோரு வருடத்தில் ஒரு கோப்பைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் கிடக்கிற பிள்ளைக்கு யார் இல்லை என்பார்கள்? இப்போதே எழுதிப் போட்டுவிடு.

உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

காது அப்படியேதான். கேட்க வேண்டாததுதான் நன்றாகக் கேட்கிறது. மற்றபடி நாங்கள் சுகம். பொடிசு செவ்வாய், வியாழன், சனி ஆஸ்பத்திரியில். மற்ற நாளில் அவள் அம்மாவோடு சண்டையில். முழங்காலுக்கு ஏதாவது தைலம் போடுகிறாயா?

அம்மா விஷயம். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தோம். மூன்று நாளும் அம்மா தூங்கவே இல்லை. கட்டுப்போட்ட கண்ணோடு நர்ஸ் வரும்போதெல்லாம் என்னைக் கிள்ளி, "எப்ப காசு கேப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா குடுத்த கார்டு இருக்கும்மா, கேக்க மாட்டாங்க" என்றால், "அதெப்படி கேக்காம இருப்பாங்க, நம்மளத் தூங்க வச்சுட்டு வாசல் கேட்டப் பூட்டிருவாங்க" என்றாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் யாராவது மனசு மாறிவிடப் போகிறார்கள் என்று ஓட்டமாக நடந்து வாசல் தூணில் முட்டிக்கொண்டாள். நெற்றியில் மூன்று தையல். அதுவும் அட்டையில்தான். "கண்ணுக்குப் போனேன், நெத்தியும் சேத்துப் பாத்துவிட்டாங்க" என்று சாகும்வரை எல்லோரிடமும் சொன்னாளே, அதுதான் இது.

சிறப்பு அனுமதிக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துச் சிரித்தேன். தூணை மலரில் சேர்க்கப்போகிறேன். என் முழங்கால் தைலத்துக்கெல்லாம் மசியாது.

நானும் ஒன்று சொல்கிறேன். முதல் வருடம் ஆலை வாசல்களில் மேசை போட்டு உட்கார்ந்து அட்டை கொடுத்தோம். பாதிப் பேர் கையெழுத்துப் போடவே பயந்தார்கள். ஒரு கொத்தனார் வாங்கிப்போனார்; சரியாக ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து அட்டையை மேசையில் வைத்தார். "பத்திரமா வச்சிருந்தேம்மா. ஒரு சீக்குகூட வரல. வேலை செய்யாத கார்டு எனக்கு எதுக்கு?" என்றார். சிரித்து முடித்து அவர் பையிலேயே திரும்பத் திணித்து அனுப்பினோம். அடுத்த மழைக்காலத்தில் சாரத்திலிருந்து விழுந்தார். அந்த அட்டைதான் அவரை மறுபடி நடக்க வைத்தது.

அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். வயிற்றில் கட்டி, அறுத்து எடுக்க வேண்டும் என்று சொன்ன டாக்டரிடம், "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். யோசிக்க நம்மிடம் என்ன இருந்தது? அவர் போய் இரண்டு வருடம் கழித்துத் திட்டம் வந்தது. நான் அந்த ஆபீஸில் ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைத்ததற்குக் காரணம் கேட்பார்கள். இதுதான் காரணம்.

சிறப்பு அனுமதி வந்ததா? கோப்பு எண்ணை எழுது. பொடிசைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 4

தம்பிக்கு,

பிப்ரவரியில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. எல்லோரும் நலம்தானே? அனுமதி வந்ததா என்று ஒரு வரி போடு. நான் நலம்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே எழுதாததற்கு மன்னிக்கவும். இரண்டாம் நம்பர் மோட்டார் எரிந்துவிட்டது. புதியது வரும்வரை ஒன்றை வைத்தே ஊர் முழுக்கத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு நாள் கிழக்குப் பக்கம், ஒரு நாள் மேற்குப் பக்கம். இரண்டு பக்கமும் திட்டு எனக்குத்தான்.

போன மாதம் பதினொன்றாம் தேதி பதிவாளர் அலுவலகத்தில் பொடிசுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை தையல்காரர். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் சொந்தக் கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்து நான்கு. நல்ல மனுஷர். அவசரமாக முடிவானதால் யாருக்கும் சொல்ல முடியவில்லை.

பொடிசுக்கு ஆஸ்பத்திரி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மே 9

தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றி நீ விசாரிக்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

நாற்பத்து நான்கு வயது மாப்பிள்ளை. நீ எழுதிய அந்த வரியை மறுபடி மறுபடி பார்க்கிறேன். நம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அது பிறந்த அன்று கையில் தூக்கி, "இதென்னடா இவ்வளவு பொடிசா இருக்கு" என்று பேர் வைத்தவள் நான். அவள் கல்யாணத்தை மோட்டார் எரிந்த கதைக்குக் கீழே எழுதுகிறாய்.

நோயாளிப் பிள்ளை பாரமாகிவிட்டாளா? தள்ளிவிட்டால் போதும் என்று ஆகிவிட்டதா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இங்கே அழைத்து வைத்துக்கொண்டிருப்பேனே. நான் தனிக்கட்டை, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாய்?

பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

அக்கா


மே 20

அன்புள்ள அத்தைக்கு,

பொடிசு எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், எடைகூட ஒரு கிலோ ஏறியிருக்கிறது. நீங்கள் சுகமா?

உங்கள் கடிதத்தை அப்பா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நான்கு நாள் டியூட்டிக்குப் போனார். துவைக்க எடுக்கும்போது நான் படித்துவிட்டேன். அப்பாவைத் திட்டாதீர்கள் அத்தை. நடந்ததை நானே எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

சிறப்பு அனுமதிக்குப் பதில் மார்ச் இருபத்தாறாம் தேதி வந்தது. ஒரே வரி. "வயது வரம்பு கடப்பதால் பரிசீலிக்க இயலாது." அப்பா அதை எடுத்துக்கொண்டு மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினார். நான் வேலைக்குப் போனால் எனக்கே தனி அட்டை கிடைக்குமாம். வாரம் மூன்று நாள் வராத ஆளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? தனியாகக் குடியிருந்தால் கிடைக்குமாம். ஆனால் இரண்டு வருடம் இருந்துகாட்ட வேண்டுமாம். அம்மா, அப்பா சிறுநீரகம் எனக்குப் பொருந்தாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள், அது உங்களுக்குத் தெரியும். மார்ச் முப்பதுக்குப் பிறகு பதினேழு நாளில் எனக்கு இரண்டே தடவைதான் டயாலிசிஸ் நடந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் அப்பா எப்படியோ ஏற்பாடு செய்தார். எப்படி என்று இன்றுவரை சொல்லவில்லை. கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது.

தையல்காரர் எனக்கு அடுத்த கட்டில்காரர். அவருக்கும் இதே நோய்தான், ஏழு வருடமாக. நான் வராததைப் பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "என் கார்டுல ஒரு இடம் காலியா கிடக்கு. மனைவின்னு ஒரு கட்டம். இருபது வருஷமா அதுல கோடு போட்டுத்தான் அனுப்பிட்டிருக்கேன்."

அம்மா, "ஊர் என்ன சொல்லும்?" என்றாள். அவர், "ஊரா ஊசி போடப் போகுது?" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எனக்கு மக மாதிரின்னு சொல்லணும்னு தோணுது. ஆனா அப்படிச் சொன்னா பதிவாளர் ஒத்துக்க மாட்டாரு" என்றார். அந்த வாரத்தில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

கல்யாணத்துக்கு அவர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்துவிட்டார், கழற்ற மறந்து. பதிவாளர் முறைத்தார். ஐந்தாம் நாள் என் பேர் அட்டையில் ஏறியது. நான் இன்னும் அப்பா வீட்டில்தான் இருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்தால் உங்களுக்குச் சங்கடம், நீங்கள் ஆபீஸ் ஆள், அதனால்தான் அப்பா மறைத்தார். உங்களிடம் அவர் பொய் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருக்க மட்டும்தான் தெரியும்.

பாசத்துடன்
பொடிசு


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்தில் எழுதியதை எல்லாம் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? அவரையும் சேர்த்து நால்வர் என்று எழுத வேண்டும்.

பொடிசின் கடிதம் கிடைத்த மறுநாளே ஆபீஸுக்குப் போனேன். மலருக்குத் தகவல் வேண்டும் என்று சொல்லி உள்ளே நுழைந்தேன். என் நாற்காலியில் இருப்பவள் என்னிடம் வேலை கற்றவள். எழுந்து நின்று டீ வாங்கிக் கொடுத்தாள். சிறப்பு அனுமதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது உங்க காலத்தோட போச்சு மேடம். அஞ்சு வருஷம் முன்னாடி கம்பெனி கைக்கு மாறினப்போ எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க. அதுல அப்படி ஒரு கட்டமே இல்ல. நான் நினைச்சாலும் எதுல டிக் பண்றது?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "யாருக்காகக் கேக்கறீங்க மேடம்?" என்றாள்.

யாருக்காகவும் இல்லை, மலருக்காகத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். பேரைச் சொன்னால் கல்யாணத்தைத் தோண்டுவார்கள். என் தம்பி மகளுக்காக ஒரு வார்த்தை பேசவும் எனக்கு வழியில்லை.

இன்னொன்றும் சொன்னாள். அதை நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம்.

தம்பி, ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. திட்ட விதிகளை எழுதிய குழுவில் ஐந்து அதிகாரிகள்; நான் தட்டச்சு. பிள்ளைகள் எத்தனை வயது வரை என்ற இடத்தை வெற்றாக விட்டிருந்தார்கள். ஒருவர் பதினெட்டு என்றார், ஒருவர் இருபத்தைந்து என்றார். ஒரு மதியம் முழுக்க அதே பேச்சு. கடைசியில் தலைவர் அலுத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. எந்த வயசுல ஒரு பிள்ளை தன் சொந்தக் கால்ல நிக்கும்?" நான் இருபத்தொன்றில் வேலைக்குச் சேர்ந்தவள். அந்தப் பெருமை தலையில் இருந்தது. "இருபத்தொண்ணு சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்படியே அடித்துவிட்டேன். நாற்பது வருடத்தில் அந்தத் திட்டத்தில் மாறாத விதி இல்லை. அந்த எண் மட்டும் நிற்கிறது. காலூன்றவே முடியாத பிள்ளை ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீ சாப்பாட்டைக் குறைத்திருப்பாய், எனக்குத் தெரியும். ஒழுங்காகச் சாப்பிடு.

இருபத்தொன்று பற்றி எழுதியிருந்தாய். பம்ப் ஹவுஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நீ வாயைத் திறக்காமல் இருந்து, அந்தப் பதினெட்டுக்காரர் ஜெயித்திருந்தால்? மூன்று வருடம் முன்பே அவளை நாங்கள் பறிகொடுத்திருப்போம். அப்போது தையல்காரரை எங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அவள் பதினாறில் விழுந்த நாளிலிருந்து அந்த அட்டைதான் அவளை வைத்திருக்கிறது. அதில் பாதி உன் உழைப்பு. மீதியை விட்டுவிடு.

இங்கே ஒன்று நடந்தது. போன வாரம் கம்பெனியிலிருந்து சரிபார்க்க ஓர் ஆள் வந்தார். புதிதாகச் சேர்த்த மனைவி, வேறு முகவரியில் ஏன் இருக்கிறாள் என்று கேட்டார். உடம்பு சரியில்லை, அம்மா வீட்டில் இருக்கிறாள் என்றேன். அவர் என் எதிரிலேயே பொடிசிடம், "உங்க வீட்டுக்காரர் கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பாரு?" என்றார். எனக்குக் காது கேட்காமல் போயிருக்கலாம். இவள் கொஞ்சமும் தயங்காமல், "அவருக்கு இடது கையில ஊசி, எனக்கு வலது கையில. ரெண்டு கையும் நசுங்காத பக்கமா படுப்பாரு" என்றாள். அந்த ஆள் எழுதிக்கொண்டு போனார். அவர் போன பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். கதவைத் தட்டவும் இல்லை, போகவும் இல்லை.

அடுத்த நாளே அவளைத் தையல்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் கடையில் வெட்டும் மேசைக்குக் கீழே படுத்துக்கொள்கிறார்.

ஆபீஸில் அந்தப் பெண் சொன்ன இன்னொன்று என்ன?

உன் தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? முழங்காலுக்கு ஒரு குச்சி வாங்கிவிட்டேன். தெருவில் மரியாதை கூடியிருக்கிறது.

வரலாற்றை எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா தூணில் முட்டியதையும் கொத்தனாரையும் போட்டார்கள். இருபத்தொன்று வந்த கதையையும், சிறப்பு அனுமதி காணாமல் போனதையும் எழுதியிருந்தேன். அதை எடுத்துவிட்டார்கள். "விழா மலர் மேடம், நல்ல விஷயமா இருக்கட்டுமே" என்றார் பதிப்பாசிரியர். அந்த இடத்தில் ஒரு கட்டட முகப்பின் படம் வந்திருக்கிறது.

பொடிசு எப்படி இருக்கிறாள்? அவர் எப்படி இருக்கிறார்? இரண்டு பேருக்கும் டயாலிசிஸ் வாரம் எத்தனை முறை நடக்கிறது என்று தனித்தனியாக எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


நவம்பர் 22

அன்புள்ள அத்தைக்கு,

அப்பா தந்தி மாதிரி ஒரு வரியில் எழுதியிருப்பார். நான் உட்கார்ந்து எழுதும் நிலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

அவர் ஒன்பதாம் தேதி காலை போய்விட்டார். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தம் நின்றது. நூல் கோர்க்கிறார் என்று நினைத்தேன்.

அத்தை, ஒரு கார்டுக்கு வருடத்துக்கு இத்தனை தடவைதான் டயாலிசிஸ் என்று ஒரு வரம்பு இருக்கிறதாம். ஒருத்தருக்குத் தாராளம். இரண்டு பேருக்குப் பத்தாது. ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் இதை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸ் அக்கா இப்போதுதான் என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா. நான் தனியா வந்தவன், தனியா போறேன், அவளுக்கு எண்ணிக்கை குறையக் கூடாதுன்னாரு."

ஜூலையிலிருந்து டயாலிசிஸுக்கு மதிய ஷிப்டு மாறிவிட்டதாகச் சொன்னார். யூனிபார்ம் சீசன், காலையில் கடையை மூட முடியாது என்றார். வாரம் ஒரு தடவைதான் போயிருக்கிறார். அக்டோபர் முடிவில் அதையும் விட்டுவிட்டார். மதியம் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் தன் பேண்ட் இடுப்பைத் தானே பிரித்துத் தைத்தார். என்ன என்றேன். "உன் சமையல் நல்லாருக்கு. இடுப்பு பெருத்துப்போச்சு" என்றார். ஐந்து வருடமாக இந்த நோயோடு இருக்கிறேன். நீர் கோத்த உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும் அத்தை. ஆனாலும் நம்பினேன். நம்பாவிட்டால் கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது.

பேரை மாற்ற ஆபீஸுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஆறுதலாகப் பேசினாள். "பயப்படாதீங்கம்மா. கணவர் இறந்துட்டா கார்டு மனைவிக்கு ஆயுசுக்கும் உண்டு. மறுபடி கல்யாணம் பண்ணிக்காத வரைக்கும் யாரும் கை வைக்க முடியாது." நல்ல செய்தியைத்தான் சொன்னாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா, "பேப்பர்ல பண்ணினதுக்கு இவ்வளவு அழணுமா?" என்கிறாள். அவளுக்கும் அழுகைதான், அதை மறைக்க அப்படிச் சொல்கிறாள். அப்பா டியூட்டி முடிந்ததும் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார். பாதி தைத்த துணிகளைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். பேர் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறோம்.

எத்தனை தடவை நடக்கிறது என்று நீங்கள் செப்டம்பரில் கேட்டிருந்ததை அப்பா சொன்னார். உங்களுக்கு இந்த விதி முன்பே தெரியுமா அத்தை?

பொடிசு


டிசம்பர் 1

அன்புள்ள பொடிசுக்கு,

தெரியும். ஜூன் மாதம் ஆபீஸில் அந்தப் பெண் சொன்ன இன்னொன்று இதுதான். ஒரே கார்டில் இரண்டு நோயாளிகள் இருந்தால் வருடம் முடிவதற்குள் தீர்ந்துவிடும் என்றாள். உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீதான் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்துவாய் என்று தோன்றியது. உன்னை எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டேன். அவரை நான் பார்த்ததே இல்லை. அதனால் அது எனக்குச் சுலபமாக இருந்தது. செப்டம்பரில் கேட்டது, வேறு ஏதோ வழியில் எல்லாம் சரியாகப் போகிறது என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான்.

இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை இல்லை. நீ கொடுக்கவும் வேண்டாம். உன் அப்பாவுக்கு நீயே சொல். என்னால் முடியவில்லை.

கணவரை இழந்தவருக்கான படிவம் இத்துடன் இருக்கிறது. அங்கே கிடைப்பதை வாங்காதே. அதில் பழைய பக்கம் ஒன்று கலந்திருக்கும், திருப்பி அனுப்புவார்கள். இதையே நிரப்பு. டிசம்பர் இருபதுக்குள் நேரில் கொடுத்து முத்திரை வாங்கிவிடு. இரண்டாம் பக்கத்தில் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற உறுதிமொழி இருக்கும். அதை வருடா வருடம் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் விட்டாலும் அட்டை நின்றுவிடும். அதில் கையெழுத்துப் போடும்போது எந்த யோசனையும் வேண்டாம். இந்த வருடத்துக்குப் போடு, அவ்வளவுதான். அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம்.

அடித்தல் திருத்தல் இருந்தால் சந்தேகப்படுவார்கள். அதனால் எல்லாக் கட்டங்களையும் நான் பென்சிலில் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். நீ அதன் மேல் மையால் எழுதினால் போதும். மூன்றாவது கட்டத்தில், இறந்தவருக்கு நீ என்ன உறவு என்று கேட்டிருக்கும். அதை மட்டும் நான் தொடவில்லை. நீயே எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. செவ்வாய், வியாழன், சனி மூன்றையும் விடாதே.

அத்தை